பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம்: வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் கிதார் சொல்லிக் கொடுக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வாசிப்பு கிடையாது. எல்லோரும் உட்கார்ந்து ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்போம். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தைப் போடும் வாரமெல்லாம் பிள்ளைகளும், அவர்களைக் கூப்பிட வரும் அப்பா அம்மாக்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

"பிளாக் சபாத்னா குழு பேரா, ஆல்பம் பேரா, பாட்டு பேரா அண்ணாச்சி?"

மூன்றும்தான். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த நான்கு பேர் குழு அது. ஓஸி ஆஸ்போர்ன் பாட்டு, டோனி அயோமி கிதார், கீஸர் பட்லர் பேஸ் கிதார், பில் வார்ட் டிரம்ஸ். 1968இல் சேர்ந்தார்கள். முதலில் வேறு பெயர்களில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை) வாசித்தார்கள். 'எர்த்' என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தபோது அதே பெயரில் இன்னொரு குழுவும் இருப்பது தெரிந்து பெயரை மாற்றினார்கள். புதுப் பெயர் 1963இல் வந்த ஒரு திகில் படத்தின் தலைப்பு. அதே பெயரில் ஒரு பாட்டும் கட்டியிருந்தார்கள்.

ஆல்பம் இங்கிலாந்தில் 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. வெள்ளிக்கிழமை. அங்கே 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால் ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கம்பெனிக்காரர்கள் அந்த நாளை விட்டுவிடவில்லை.

"ஒரே நாள்ல ரெக்கார்டு பண்ணிட்டாவன்னு சொல்லுதாவளே, நம்புத மாதிரியா இருக்கு?"

நம்பலாம். 1969 அக்டோபர் 16, லண்டனில் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோ. நான்கு டிராக் டேப். தயாரிப்பாளர் ரோட்ஜர் பெய்ன், ஒலிப்பதிவு டாம் ஆலம். மேடையில் வாசிப்பது போலவே எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். ஓஸி தனி அறையில் நின்று அதே நேரத்தில் பாடினார். பிறகு ஒட்டிச் சேர்த்தது மிகக் குறைவு. இரண்டொரு இடத்தில் கிதார் மேல் கிதார், அவ்வளவுதான். மழை, இடி, தேவாலய மணி எல்லாம் பெய்ன் பின்னால் சேர்த்தவை. குழுவே அதை அப்புறம்தான் கேட்டது.

அன்றைக்கு நடந்த ஒரு சங்கதியைப் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வேன். அயோமி அப்போது வாசித்துக்கொண்டிருந்தது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஒரு பாட்டு முடிந்ததும் அதன் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பாகம், செத்துப்போனது. சரி செய்ய நேரமில்லை. உபரியாகக் கொண்டுவந்திருந்த கிப்சன் எஸ்.ஜி.யை எடுத்து மாட்டிக்கொண்டு மீதிப் பாட்டுகளை வாசித்தார். இன்றைக்கு அயோமி என்றால் எஸ்.ஜி. என்கிறோம். அது அன்றைக்கு அவசரத்தில் கையில் வந்த கிதார்.

"அட்டையில நிக்க பொம்பள யாரு? போட்டோ எடுக்கும்போது அங்க யாருமே இல்லன்னு சொல்லுதாவளே?"

ஆள் இருந்தார். காசு வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்த மாடல். பேய் என்றும், ஓஸிதான் வேஷம் போட்டார் என்றும் பல வருஷம் வதந்தி ஓடியது. 2020இல் அந்தப் பெண்ணே வெளியே வந்து பேசிவிட்டார்.

பின்னால் தெரிவது பேய் வீடும் இல்லை. தேம்ஸ் நதிக்கரையில் மேப்பிள்டரம் என்ற ஊரிலுள்ள தண்ணீர் ஆலை, மாவு அரைக்கிற ஆலை. கீத் மெக்மில்லன் என்ற புகைப்படக்காரர் அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்ததால் மரமும் புல்லும் சீக்குப் பிடித்த நிறத்தில் தெரிகின்றன. நம் ஆற்றங்கரை மண்டபத்தையும் விடியற்காலையில் அந்த ஃபிலிமில் எடுத்தால் அப்படித்தான் தெரியும்.

"சார், என் பையன் சர்ச் கொயர்ல கிதார் வாசிக்கான். இது சாத்தான் பாட்டா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

இது ஓர் அம்மா கேட்டது. அப்புறம் இன்னும் பல அம்மாக்கள் கேட்டார்கள். நம் வேதாகமத்தில் 'ஓய்வுநாள்' என்று வருவதுதான் சபாத். அதற்கு முன்னால் 'கறுப்பு' என்று சேர்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

தலைப்புப் பாட்டில் நடப்பது இதுதான்: ஒருவன் முன்னால் கறுப்பாக ஓர் உருவம் வந்து நின்று அவனையே சுட்டிக் காட்டுகிறது. அவன் ஓடப் பார்க்கிறான். கடவுளே காப்பாற்று என்று அலறுகிறான். வணங்குகிற குரல் அதில் எங்கேயும் இல்லை. பயந்தவன் குரல்தான் இருக்கிறது. இந்த ஆல்பத்தின் வரிகளில் கீஸர் பட்லருடைய பங்கு பெரிது. அவர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. மாந்திரீகப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டுத் தூங்கிய ராத்திரி கட்டில் காலடியில் ஒரு கறுப்பு உருவத்தைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்த நடுக்கம்தான் பாட்டாக வந்தது. ஓஸியின் அப்பா தன் பிள்ளையும் அவன் குழுக் கூட்டாளிகளும் கழுத்தில் போட்டுக்கொள்ள உலோகத்தில் சிலுவை செய்து கொடுத்தவர். அவர்கள் படங்களில் தொங்குகிற சிலுவை அதுதான்.

பழி வந்ததற்கும் காரணம் உண்டு. ஆல்பத்தை விரித்தால் உள்ளே தலைகீழ்ச் சிலுவை அச்சிட்டிருந்தது. அது அட்டை வடிவமைத்தவர்கள் வேலை, குழுவைக் கேட்டுச் செய்ததில்லை. பார்த்ததும் அவர்களுக்கே பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் படம்தான் ஊருக்குள் போனது. ஆகவே அந்த அம்மாவிடம் நான் சொன்னது: பையனோடு உட்கார்ந்து நீங்களும் ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அது உங்கள் வீட்டு முடிவு, எனக்கு அதில் வருத்தமே இல்லை.

"மொதப் பாட்டுல வர்ற அந்த மூணு சுரம் ஏன் அப்படிப் புடிச்சு உலுக்குது?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மழை, மணி முடிந்ததும் கிதார் மூன்றே சுரம் வாசிக்கிறது. கீழே ஒரு ஜி, அதற்கு நேர் மேலே இன்னொரு ஜி, அப்புறம் இரண்டுக்கும் நட்ட நடுவில் சி ஷார்ப். நம் பாஷையில் சொன்னால் கீழ் ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்தியமம். ஸ்தாயியில் பன்னிரண்டு ஸ்தானம் என்றால் பிரதி மத்தியமம் சரியாக ஆறாவது படி. கீழேயும் சாயாது, மேலேயும் சாயாது.

ஒரு தடவை இதை வாசித்துக் காட்டியபோது, வயலின் படித்துவிட்டு கிதாருக்கு வந்த ஒரு பிள்ளை, "அது நம்ம ம2 தானே சார், கல்யாணியில வருமே, சண்முகப்ரியால வருமே" என்றாள். சரியாகச் சொன்னாள். 72 மேளகர்த்தாவில் பின்பாதி 36க்கும் இந்த மத்தியமம்தான். காருகுறிச்சியார் நாகஸ்வரம் வாசித்த மண் இது. கல்யாண வீட்டிலும் கோயிலிலும் ராத்திரியெல்லாம் இந்தச் சுரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருக்க இங்கே மட்டும் ஏன் பயமாக இருக்கிறது? கல்யாணியில் ம2 வந்தால் பக்கத்திலேயே பஞ்சமம் வந்து தாங்கிக்கொள்ளும். அயோமி அந்தப் பஞ்சமத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பதில்லை. ம2வை நடுங்கவிட்டு, அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு, திரும்பக் கீழ் ச-விலிருந்து ஆரம்பிக்கிறார். அதுவும் ஆமை வேகத்தில். சுருதிப் பெட்டியைப் போட்டு நீங்களே ச, மேல் ச, ம2 என்று பாடி, ப பாடாமல் நிறுத்திப் பாருங்கள். தொண்டையே அந்தப் ப-வைத் தேடும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்றால், ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளர் கிரகங்களைப் பற்றி எழுதிய தொகுப்பில் செவ்வாய்க்கு உரிய பகுதியை கீஸர் பேஸில் நோண்டிக்கொண்டிருந்தார். அது காதில் விழுந்த அயோமி மறுநாள் இந்த மூன்று சுரத்தோடு வந்தார்.

"அந்த சுரத்த சர்ச்சே தடை பண்ணி வச்சிருந்துச்சாமே?"

தடை போட்டதற்கு ஆதாரம் கிடையாது. சேர்ந்து பாடும்போது கரடுமுரடாக விழுகிற இடைவெளி என்பதால் பழைய ஐரோப்பிய இசை ஆசிரியர்கள் தவிர்க்கச் சொன்னார்கள். 'இசைக்குள் இருக்கும் பிசாசு' என்ற லத்தீன் சொற்றொடர் 18ஆம் நூற்றாண்டு இசைப் பாட நூல்களில் வருகிறது. யாரையும் தண்டித்த கதையெல்லாம் பிற்பாடு கட்டியது. மேலே சொன்ன கல்யாணியை நினைத்துக்கொண்டால் போதும்.

"கிதார் வாசிக்கவருக்கு வெரலே கெடையாதாமே?"

வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் கிடையாது. அவர் இடதுகைக்காரர். ஆகவே தந்தியை அழுத்துகிற கை வலது கை. போனது அந்தக் கை விரல்கள்.

பதினேழு வயதில் தகடு வேலை செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருந்தார். முழுநேரம் இசைக்குப் போகிறேன் என்று வேலையை விட்டாயிற்று. அன்றைக்குத்தான் கடைசி நாள். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் திரும்பப் போக மனசில்லாமல் இருந்திருக்கிறார். கடைசி நாளையும் ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். அன்று வராத வேறொருவருடைய மெஷினில் நிற்கவைத்தார்கள். பழக்கமில்லாத மெஷின் நுனிகளை எடுத்துவிட்டது.

இனி கிதார் இல்லை என்று கிடந்தவரிடம், தொழிற்சாலை மேலாளர் ஒருவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்த இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டார். தீவிபத்தில் இரண்டு விரல் முடங்கியும் வாசித்த மேதை அவர். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருட்டி, விரல் நுழைகிற அளவு ஓட்டை போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, மேலே பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டி இரண்டு தொப்பி செய்துகொண்டார். கனத்த தந்தி வலித்ததால் மெல்லிய பாஞ்சோ தந்தியை வாங்கி மாட்டினார். வகுப்பில் நான் சைக்கிள் ட்யூப் துண்டை பிள்ளைகளின் இரண்டு விரல் நுனியில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வாசிக்கச் சொல்வேன். தந்தி எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியாது. கண்ணாலும் காதாலும்தான் தேட வேண்டும். பல சுரம் ஒன்றாகச் சேர்ந்த முழுக் கார்டு பிடிப்பது பெரும்பாடு, இரண்டு சுரம் சேர்ந்த பவர் கார்டு பிடிக்கலாம். அவர் வாசிப்பு ஏன் அந்த வழியில் போனது என்று அப்போது புரிந்துவிடும்.

முக்கூடலிலிருந்து வரும் ஒரு பையனின் அம்மா பீடி சுற்றுகிறவர். இந்தக் கதையை நான் சொல்லும்போது வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெரல் போனதாலதான் கிதார தாழ்த்தி ட்யூன் பண்ணாரு, அதான் இந்த ஆல்பம் இவ்ளோ கனமா இருக்கு. சரிதான?"

பாதிதான் சரி. தந்தியைத் தளர்த்தி மூன்று அரைச்சுரம் இறக்கியது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில். முதல் ஆல்பம் சாதாரண ட்யூனிங்கில்தான் வாசிக்கப்பட்டது. நம்பாதவர்கள் கிதாரை வைத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பாருங்கள்.

அப்படியானால் கனம் எங்கிருந்து வருகிறது? வேகக் குறைவிலிருந்தும், கிதாரும் பேஸும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிப்பதிலிருந்தும் வருகிறது. அப்புறம் பில் வார்ட். அவர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். டிரம்ஸை ஓங்கி அறைந்துகொண்டே இருப்பதில்லை. இடைவெளி விட்டு, உருட்டி, ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறார். அடுத்த அடி எப்போது விழும் என்று நாம் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில்தான் பாரம் ஏறுகிறது.

"'என்.ஐ.பி.'ன்னா ஏதோ ரகசிய சுருக்கமா?"

இல்லை. பில் வார்டின் தாடி பேனா நிப் மாதிரி கூராக இருந்ததால் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் 'நிப்'. எழுத்துக்கு நடுவில் புள்ளி வைத்ததும் ஜனங்கள் தாங்களாக விரிவு கண்டுபிடித்துக்கொண்டார்கள். பாட்டில் பேசுவது லூசிபர், அதாவது சாத்தான்தான், ஆனால் ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்துத் திருந்தப் பார்க்கிற லூசிபர்.

"வந்தப்ப எல்லாரும் திட்டுனாவளாமே? அப்புறம் எப்படி ஓடுச்சு?"

திட்டியது பத்திரிகை. வாங்கியது ஜனங்கள். ஆல்பத்துக்கு முன்னோடியாக ஜனவரியில் விட்ட 'ஈவில் உமன்' சிங்கிள் எடுபடவில்லை. ஆனால் ஆல்பம் இங்கிலாந்துப் பட்டியலில் 8ஆம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் ஜூன் மாதம் வெளியாகி 23ஆம் இடத்தைத் தொட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் பட்டியலிலேயே இருந்தது. ஊர் ஊராக வேனில் போய் வாசித்து ஆள் சேர்த்த குழு அது. கேட்டவன் அடுத்தவனிடம் சொன்னான்.

பத்திரிகைப் பக்கம் பார்த்தால், ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையில் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் எழுதியதன் சாரம்: க்ரீம் (ப்ளூஸை நீட்டி வாசித்த ஆங்கில ராக் குழு) மாதிரியே இருக்கிறது, ஆனால் அதைவிட மோசம். ராபர்ட் கிறிஸ்ட்காவ் என்ற இன்னொரு விமர்சகர் சி மைனஸ் என்று மார்க் போட்டார். அதே ரோலிங் ஸ்டோன் 2003இல் எக்காலத்துக்கும் சிறந்த 500 ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது இதற்கு 241ஆம் இடம் கொடுத்தது. 2017இல் சிறந்த 100 மெட்டல் (கனத்த, இருண்ட ராக் இசை) ஆல்பங்களில் 5ஆம் இடம். 2025 ஜூலை 5 அன்று அந்த நான்கு பேரும் தாங்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஓஸி நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22, அவர் காலமானார். அந்தச் சனிக்கிழமை வகுப்பில் இந்த ஆல்பத்தைத் தவிர வேறு எதுவும் போடவில்லை.

"அப்ப அந்த விமர்சகர்களுக்குக் காதே இல்லையா?"

அப்படிச் சொல்ல மாட்டேன். கடைசிப் பாட்டான 'வார்னிங்' பத்து நிமிஷத்துக்கு மேல் போகிறது. அதன் நடுவே வரும் கிதார் அலைச்சல் நிஜமாகவே க்ரீம் குழுவின் நீளமான வாசிப்புகளை ஞாபகப்படுத்துகிறது; எனக்கும் அந்த இடத்தில் கவனம் நழுவும். அந்தக் குறையில் பேங்ஸ் சொன்னது நியாயம்தான்.

அவர்கள் தவறவிட்டது வேறு. ப்ளூஸை எவ்வளவு திறமையாக வாசிக்கிறான் என்ற ஒரே படியால் அளந்தார்கள். இவர்களோ அந்த ஆல்பத்தின் பாதியில் ப்ளூஸை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். கணியான் கூத்து பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும் என்று நினைக்கிறேன். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் சாமத்தில் அண்ணாவி, அதாவது கூத்தின் தலைமைப் பாடகர், கதையை நிதானமாக எடுப்பார். உச்சமகுடம், மந்தமகுடம் என்ற இரண்டு பறைகளும் மெதுவாகத்தான் பேச ஆரம்பிக்கும். பயங்கரமான இடம் நெருங்க நெருங்க அடி முறுகும். சாமியாடி எழுந்திரிக்கும்போது நம் நெஞ்சும் சேர்ந்து அடிக்கும். அந்தக் கணியானிடம் போய் உனக்கு எத்தனை ராகம் தெரியும் என்று கேட்டு மார்க் போட முடியுமா? தலைப்புப் பாட்டின் கடைசி ஒன்றரை நிமிஷத்தில் அந்த ஆமை வேகம் உடைந்து குதிரை ஓட்டமாக மாறும்போது எனக்குச் சின்ன வயதில் பார்த்த கொடைதான் நினைவுக்கு வரும்.

"லெட் செப்பலின் முன்னாலயே வந்துட்டே. அப்ப இத மொத மெட்டல் ஆல்பம்னு எப்படிச் சொல்ல?"

லெட் செப்பலின் முதல் ஆல்பம் 1969 ஜனவரி. புளூ சியர் என்ற குழுவின் முதல் ஆல்பம் அதற்கும் ஒரு வருஷம் முன்னால். சத்தம், கனம் இரண்டும் அவர்களிடமும் இருந்தன. 1970இல் இந்த ஆல்பத்தையும் ஹார்ட் ராக் என்றுதான் கடையில் வைத்தார்கள்.

வித்தியாசம் மனநிலையில் இருக்கிறது. மற்றவர்கள் கனமாக வாசித்தாலும் பாட்டு காதலையும் கொண்டாட்டத்தையும் சுற்றிவரும். பயத்தையே பொருளாக எடுத்து, அதற்கென்று சுரத்தையும் வேகத்தையும் தேர்ந்தெடுத்து ஆல்பத்தின் வாசலில் வைத்தது இவர்கள். அதனால் முதல் மெட்டல் பாட்டு எது என்று கேட்டால் 'பிளாக் சபாத்' என்று தயங்காமல் சொல்வேன். முதல் மெட்டல் ஆல்பம் எது என்றால் கொஞ்சம் தயங்குவேன், காரணம் மேலே சொன்ன 'வார்னிங்'.

"எம் போன்ல இருக்க ஆல்பத்துல 'ஈவில் உமன்' இல்லயே, பாட்டு பேருகளும் ஜாஸ்தியா இருக்கே?"

உங்களிடம் இருப்பது அமெரிக்கப் பதிப்பு. 'ஈவில் உமன்' க்ரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. அமெரிக்க வெளியீட்டில் அதை எடுத்துவிட்டு 'விக்கட் வேர்ல்ட்' என்ற சொந்தப் பாட்டைச் சேர்த்தார்கள். பிக்கப் செத்துப்போனதாகச் சொன்னேனே, அதற்கு முன் வாசித்து முடித்த பாட்டு இதுதான். கீஸரின் பேஸ் தனிவாசிப்பு மாதிரியான சின்னத் துண்டுகளுக்கும் தனிப்பெயர் வைத்தார்கள். இசை புதிதாக எதுவும் இல்லை. இரண்டு பாட்டும் சேர்ந்த பதிப்புகளும் உண்டு, முடிந்தால் அதைத் தேடுங்கள்.

நான் முதலில் கேட்டது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் காசு கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டில். அதில் 'வார்னிங்' பாதியில் நின்று வேறொரு குழுவின் பாட்டு ஆரம்பிக்கும். அந்தப் பாட்டு அப்படித்தான் முடிகிறது என்று ஆறு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

"வௌவால் தலையக் கடிச்சது இந்த ஆல்பத்துக்கா?"

இல்லை. அது 1982இல் ஓஸி தனியாகப் பாடிய காலத்து மேடையில் நடந்தது. இந்த ஆல்பத்துக்குச் சம்பந்தமில்லை.

"ஆறு மாசம்தான் கத்திருக்கேன். இதுல எதை வாசிக்கலாம்?"

தலைப்புப் பாட்டு. மூன்று சுரம்தானே என்று எல்லோரும் கையை வைப்பார்கள், வைத்த உடனே வேகமாக ஓடிவிடுவார்கள். விரலுக்கு அதில் சிரமமில்லை, பொறுமைக்குத்தான் சிரமம். முதல் வாரம் கிதாரைத் தொடாமல் பாட்டைப் போட்டுக் காலால் மட்டும் தாளம் போடுங்கள். இரண்டாவது வாரம் கீழ் ஜி, மேல் ஜி, சி ஷார்ப். ஒவ்வொரு சுரமும் தானாகக் கரைகிற வரை அடுத்ததைத் தொடாதீர்கள். சி ஷார்ப்பை நடுங்கவிடுவது மூன்றாவது வாரம். கடைசியில் வரும் குதிரை ஓட்டத்துக்கு இப்போதே ஆசைப்பட வேண்டாம். அதை நாம் வகுப்பில் டிரம்ஸோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.